முதலில் கண்டவர் ஆசிரியரே: டிஸ்லெக்சியாவும் நம் பள்ளிகளும்



சில ஆண்டுகளுக்கு முன்பு, தேர்ச்சி அறிக்கை வழங்கும் நாளன்று, மூன்றாம் ஆண்டு மாணவன் ஒருவனை அவனுடைய பாட்டி பள்ளிக்கு அழைத்து வந்திருந்தார். பெற்றோர் இருவரும் வேலைக்குச் சென்றுவிட்டனர். அறிக்கையைப் பார்த்துவிட்டு அவர் சொன்னது இது: "இவன் அப்பனும் இப்படித்தான் சார். வாயால கேட்டா எல்லாத்தையும் சொல்லுவான். எழுதச் சொன்னா ஒன்னும் வராது. தோட்டத்துப் பள்ளிக்கூடத்துல மரமண்டைன்னு ஒதுக்கிட்டாங்க."

அந்த மூதாட்டி எழுதப் படிக்கத் தெரியாதவர். ஆயினும் அவருடைய சொற்களில் மூன்று உண்மைகள் இருந்தன. பிள்ளைக்கு அறிவுக் குறைவில்லை. வாசிப்பில் மட்டுமே தடை. அந்தத் தடை குடும்பவழி வருவது. இம்மூன்றையும் கண்டறிந்து எழுதிவைக்க ஐரோப்பிய மருத்துவர்களுக்குப் பல பத்தாண்டுகள் பிடித்தன. இன்று அதற்கு டிஸ்லெக்சியா என்று பெயர். தமிழில் வாசிப்புத் திறன் குறைபாடு என்கிறோம்.

இந்தக் குறைபாட்டின் வரலாற்றைப் படிக்கும்தோறும் ஒன்று எனக்குத் தெளிவாகிறது. நூல்களில் நிற்கும் பெயர்கள் மருத்துவர்களுடையவை. ஆனால் பிள்ளையை முதலில் கண்டுகொண்டவர் பெரும்பாலும் ஒரு வகுப்பாசிரியர். ஆகவே, பயிற்சியும் முதலில் சென்று சேர வேண்டிய இடம் வகுப்பறையே. ஆசிரியர்களும் பெற்றோர்களும் இதனைச் சிந்திக்க வேண்டும் என்பதற்காகவே இக்கட்டுரையை எழுதுகிறேன்.

நன்னூல் சொல்லும் மாணாக்கர்

13ஆம் நூற்றாண்டில் பவணந்தி முனிவர் இயற்றிய நன்னூலின் பொதுப்பாயிரம், ஆசிரியர் இலக்கணமும் மாணாக்கர் இலக்கணமும் கூறுவதை நாம் அறிவோம். அங்கே மாணாக்கர் மூவகைப்படுவர். அன்னமும் பசுவும் போன்றவர் தலைமாணாக்கர். மண்ணும் கிளியும் போன்றவர் இடைமாணாக்கர். இல்லிக்குடம், ஆடு, எருமை, நெய்யரி போன்றவர் கடைமாணாக்கர். இல்லிக்குடம் என்பது ஓட்டைக்குடம். ஊற்றிய நீரெல்லாம் ஒழுகிப் போகும்.

நேற்றுக் கற்பித்த எழுத்தை இன்று மறந்துவிடும் பிள்ளையைப் பார்க்கும்போது, நம்முள் பலருக்கு இந்த ஓட்டைக்குடம்தான் நினைவுக்கு வரும். ஆனால், அதே பொதுப்பாயிரம் பாடம் சொல்லும் முறையைக் கூறுமிடத்தில், மாணாக்கன் எவ்வகையில் கொள்வானோ அவ்வகையை அறிந்து கற்பிப்பதை ஆசிரியரின் கடமையாக வைக்கிறது. முதற்பகுதியை நாம் எளிதில் நினைவில் வைத்துக்கொண்டோம். இரண்டாவது பகுதியை மறந்துவிட்டோம். டிஸ்லெக்சியா பற்றிய பயிற்சி அனைத்தும் அந்த இரண்டாவது பகுதியின் விரிவுரை என்றே நான் கருதுகிறேன்.

எல்லாரும் படிக்கத் தொடங்கிய பின்னரே

எழுத்தறிவு சிலருக்கே உரியதாக இருந்த காலத்தில், வாசிக்க இயலாதவர் எவர் கண்ணிலும் படவில்லை. உழவர், தச்சர், குயவர், மீனவர் ஆகியோருள் இக்குறைபாடு உடையவர்கள் எக்காலத்திலும் இருந்திருப்பார்கள். வாசிப்பு அவர்களுடைய தொழிலுக்குத் தேவைப்படாததால் அது ஒரு குறையாகத் தெரியவில்லை.

இங்கிலாந்தில் 1870ஆம் ஆண்டின் தொடக்கக் கல்விச் சட்டம் நாடெங்கும் பள்ளிகளுக்கு வழிவகுத்தது. 1880இல் பள்ளி செல்வது கட்டாயமாயிற்று. அதன் பிறகுதான், பல ஆண்டுகள் பள்ளியில் அமர்ந்தும் வாசிக்க வராத அறிவுள்ள பிள்ளைகள் ஆசிரியர்களின் கண்ணுக்குத் தெரியத் தொடங்கினார்கள்.

பெயர்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. 1877இல் ஜெர்மானிய மருத்துவர் அடால்ஃப் குஸ்மால், மூளை பாதிப்புக்குப் பின் வாசிக்கும் ஆற்றலை இழந்த பெரியவர்களைக் குறிக்கச் 'சொற்குருடு' எனப் பொருள்படும் சொல்லைப் பயன்படுத்தினார். 1887இல் ஸ்டுட்கார்ட் நகரின் கண் மருத்துவர் ருடால்ஃப் பெர்லின் 'டிஸ்லெக்சியா' என்னும் சொல்லை உருவாக்கினார். இவர்கள் பேசியது பெரியவர்களைப் பற்றி. பிறவியிலேயே இத்தடையுடன் வரும் பிள்ளைகளைப் பற்றிய முதல் தெளிவான குறிப்பு 1896இல் வெளிவந்தது.

சீஃபோர்டு ஊரின் சிறுவன்

அந்த ஆண்டு நவம்பர் 7ஆம் நாள், பிரிட்டிஷ் மருத்துவ இதழில் பிரிங்கிள் மார்கன் என்னும் மருத்துவர் ஒரு சிறு குறிப்பை வெளியிட்டார். இங்கிலாந்தின் தென்கரையில் உள்ள சீஃபோர்டு என்னும் ஊரைச் சேர்ந்தவர் அவர். குறிப்பில் வரும் சிறுவனின் பெயர் பெர்சி, வயது 14. ஏழு வயது முதல் பள்ளியிலும் தனியாசிரியரிடமும் கற்றவன். இருந்தும் எளிய சொற்களைக்கூட வாசிக்க இயலவில்லை. தன் பெயரை எழுதும்போதே எழுத்துகளை இடம் மாற்றி எழுதினான். ஆனால், 749ஐ 867ஆல் பெருக்கச் சொன்னபோது விரைவாகவும் சரியாகவும் விடை தந்தான். எண்கள் அவனுக்குத் தடையாக இல்லை, எழுத்துகளே தடையாயின.

மார்கன் தம் குறிப்பில் அச்சிறுவனுடைய ஆசிரியரின் கருத்தையும் பதிவு செய்துள்ளார். பாடம் முழுவதும் வாய்மொழியாகவே நடந்தால் பள்ளியிலேயே கெட்டிக்காரப் பிள்ளை இவனாகத்தான் இருப்பான் என்பது அந்த ஆசிரியரின் மதிப்பீடு. அவர் பெயர் அக்குறிப்பில் இல்லை. மருத்துவருக்கு முன்பே, பல ஆண்டுகள் அவனுக்குக் கற்பித்து, அவனுடைய அறிவையும் தடையையும் வேறுவேறாகப் பிரித்துப் பார்த்தவர் அந்தப் பெயரில்லாத ஆசிரியர்தான். நம் பந்திங் மூதாட்டி சொன்னதும் இதேதான்: வாயால் கேட்டால் எல்லாவற்றையும் சொல்லுவான்.

பெர்சியின் ஆசிரியர் கண்டுகொண்டார்; ஆனால் அடுத்து என்ன செய்வது என்று அவருக்குச் சொல்லித்தர அன்று எவரும் இல்லை. ஆசிரியர் பயிற்சியின் வரலாறு இந்த இடைவெளியில்தான் தொடங்குகிறது.

மருத்துவமனையிலிருந்து வகுப்பறைக்கு

கிளாஸ்கோ நகரின் கண் மருத்துவர் ஜேம்ஸ் ஹின்ஷெல்வுட் 1895 முதல் இதனைப் பற்றி எழுதிவந்தார். 1917இல் பிறவிச் சொற்குருடு பற்றித் தனி நூலே வெளியிட்டார். ஒரே குடும்பத்தில் பலருக்கு இது இருப்பதை அவர் கவனித்தார். இப்பிள்ளைகளைப் பெரிய வகுப்பில் அமர்த்தி மற்றவர்முன் வாசிக்கச் செய்வதைத் தவிர்த்து, தனியே, குறுகிய நேரப் பாடங்களாக, அடிக்கடி கற்பிக்க வேண்டும் என்பது அவர் பரிந்துரை.

1925இல் அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் சாமுவேல் ஆர்ட்டன் என்னும் நரம்பியல் மருத்துவர் ஊரூராகச் சென்று மருத்துவ முகாம் நடத்தினார். படிப்பில் பின்தங்கியவர்கள் என ஆசிரியர்கள் அனுப்பிவைத்த பிள்ளைகளை அவர் சோதித்தார். அவர்களுள் சிலர் நல்ல அறிவுத்திறன் உடையவர்களாகவும் வாசிப்பில் மட்டும் தடைப்பட்டவர்களாகவும் இருந்தார்கள். மூளையின் இரு பாதிகளிலும் பதியும் கண்ணாடிப் பிம்பங்களின் குழப்பமே காரணம் என்று ஆர்ட்டன் கருதினார். அக்கருத்து பின்னர் நிலைக்கவில்லை. ஆனால் அவருடன் பணியாற்றிய உளவியலாளர் அன்னா கில்லிங்ஹாமும் ஆசிரியை பெஸ்ஸி ஸ்டில்மனும் செய்த வேலை நிலைத்தது. 1930களின் நடுவில் அவ்விருவரும் ஆசிரியர்களுக்கான கையேடு ஒன்றை உருவாக்கினார்கள். ஒலியையும் எழுத்தையும் இணைத்து, எளிதிலிருந்து கடினத்திற்கு, ஒரு படி உறுதியான பின்னரே அடுத்த படி என்று கற்பிப்பது அதன் முறை. பிள்ளை எழுத்தைக் கண்ணால் பார்க்கும், வாயால் ஒலிக்கும், காதால் கேட்கும், விரலால் வரையும். இது ஆர்ட்டன் கில்லிங்ஹாம் முறை என்று இன்றும் வழங்குகிறது.

விரலால் வரைவது நமக்குப் புதியதா? திண்ணைப் பள்ளியில் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதி, எழுதும்போதே உரக்கச் சொல்லிக் கற்றார்கள். 1789இல் சென்னையில் படைவீரர்களின் ஆதரவற்ற பிள்ளைகளுக்கான இல்லத்தின் பொறுப்பை ஏற்ற ஆண்ட்ரூ பெல் என்னும் பாதிரியார், உள்ளூர்ப் பள்ளிகளில் இந்த மணலெழுத்தைக் கண்டார். அதையும் மூத்த மாணவன் இளையவர்க்குக் கற்பிக்கும் சட்டாம்பிள்ளை முறையையும் தம் பள்ளியில் நடைமுறைப்படுத்தி, 1797இல் இங்கிலாந்தில் நூலாக வெளியிட்டார். அது 'மெட்ராஸ் முறை' என்ற பெயரில் உலகெங்கும் பரவியது.

இதைச் சொல்லி நாம் பெருமை கொண்டாடி நிறுத்திவிடக் கூடாது. மணலில் எழுதுவது மட்டும் டிஸ்லெக்சியாவுக்கு மருந்தாகாது. 1983இல் ஆக்ஸ்ஃபோர்டு ஆய்வாளர்கள் லினெட் பிராட்லியும் பீட்டர் பிரையன்ட்டும் நேச்சர் இதழில் வெளியிட்ட ஆய்வு, சொற்களின் ஒலிகளைப் பிரித்தறியும் திறன் வாசிப்புக்கு அடிப்படை என்று காட்டியது. அத்திறனைப் பயிற்சியால் வளர்க்கவும், அதனை எழுத்துகளோடு இணைத்துக் கற்பித்தால் வாசிப்பை மேம்படுத்தவும் முடியும் என்பது அதன் முடிவு. இப்பிள்ளைகளின் சிக்கல் கண்ணில் இல்லை. ஒலியை எழுத்தோடு பிணைக்கும் இடத்தில் இருக்கிறது. மூக்குக்கண்ணாடி மாற்றுவதாலோ நூறு முறை எழுதவைப்பதாலோ அது தீராது. முறையாகவும் வெளிப்படையாகவும் பொறுமையாகவும் கற்பித்தால் முன்னேற்றம் உண்டு.

தோட்டத்துப் பள்ளியில் காணாமற்போனவர்கள்

இனி நம் ஊருக்கு வருவோம். கோல லங்காட் மாவட்டம் தோட்டங்களின் மாவட்டம். முதலில் ரப்பர், தென்னை, பின்னர் செம்பனை. 1923ஆம் ஆண்டின் தொழிலாளர் சட்டம், பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப்பேர் இருக்கும் தோட்டத்தில் நிர்வாகம் பள்ளி அமைக்க வேண்டும் என்றது. பள்ளிகள் எழுந்தன. ஆனால், பல தோட்டங்களில் கங்காணியோ கிராணியோ, ஓரளவு எழுத்தறிந்த தொழிலாளியோதான் ஆசிரியராக இருந்தார். ஓர் அறை, ஓர் ஆசிரியர், பல வகுப்புகள். அத்தகைய பள்ளியில் வாசிக்க வராத பிள்ளையைத் தனியே கவனிப்பது நடக்கக்கூடிய செயலன்று.

அத்துடன், தோட்ட வாழ்வு வாசிப்பைக் கேட்கவும் இல்லை. பால் மரம் வெட்டுவதற்கும் களை பிடுங்குவதற்கும் எழுத்து தேவையில்லை. எழுத்து வராத பிள்ளை பன்னிரண்டு, பதின்மூன்று வயதில் பெற்றோருடன் நிரைக்குப் போய்விடுவான். அங்கே அவன் யாரைவிடவும் குறைந்தவனில்லை. மரமண்டை என்ற பட்டம் மட்டும் உடன் வரும்.

1957இல் நாடு விடுதலை பெற்றபோது 888 தமிழ்ப்பள்ளிகள் இருந்தன. இன்று ஐந்நூற்று இருபதுக்கும் மேற்பட்டவை உள்ளன. தோட்டங்கள் துண்டாடப்பட்டும் விற்கப்பட்டும் போக, மக்கள் பந்திங், கிள்ளான் போன்ற நகரங்களின் குடியிருப்புகளுக்கு வந்தார்கள். தொழிற்சாலை வேலைக்கும் ஓட்டுநர் உரிமத்துக்கும் வங்கிக் கணக்குக்கும் எழுத்து வேண்டியதாயிற்று. தோட்டத்தில் மறைந்திருந்த குறை நகரத்தில் வெளிப்பட்டது. 2003 சனவரி முதல் நம் நாட்டில் தொடக்கக் கல்வி சட்டப்படி கட்டாயமாயிற்று. இங்கிலாந்தில் 1880க்குப் பின் நிகழ்ந்தது இங்கும் நிகழ்ந்தது: எல்லாப் பிள்ளைகளும் வகுப்பில் அமர்ந்தபோதுதான், வாசிக்க இயலாத பிள்ளை பள்ளியின் கேள்வியாக மாறினான்.

மலேசியாவில் நடந்தவை

1983இல் நாடெங்கும் அறிமுகமான கே.பி.எஸ்.ஆர். கலைத்திட்டம், வாசிப்பு, எழுத்து, கணக்கு ஆகிய மூன்றையும் அடிப்படையாகக் கொண்டது. குறைநீக்கல், வளப்படுத்தல் என்ற இரு சொற்களும் அதன்வழியே நம் பாடக்குறிப்பேடுகளில் நிலைபெற்றன. பின்தங்கிய பிள்ளைக்கு மீண்டும் கற்பிக்க வேண்டும் என்ற எண்ணம் வந்தது. ஆயினும், பிள்ளை ஏன் பின்தங்கினான் என்று பிரித்தறியும் பயிற்சி எல்லா ஆசிரியருக்கும் கிட்டவில்லை. பள்ளிக்கு அடிக்கடி வராத பிள்ளையும், வீட்டில் நூலே காணாத பிள்ளையும், டிஸ்லெக்சியா உள்ள பிள்ளையும் ஒரே குறைநீக்கல் வகுப்பில், ஒரே பயிற்சித்தாளுடன் அமர்ந்தார்கள். நம் நாட்டில் வகுப்பேற்றம் தானாகவே நடப்பதால், வாசிக்காமலேயே ஆறாம் ஆண்டு வரை வந்துவிடுவதும் எளிதாயிற்று.

1994இல் மலேசிய டிஸ்லெக்சியா சங்கம் கோலாலம்பூரில் தோன்றியது. புவான் சரியா அமிரின் நீண்ட காலம் அதற்குத் தலைமையேற்று, பிள்ளைகளுக்கு வகுப்பும் ஆசிரியர்களுக்கும் பெற்றோர்களுக்கும் பயிற்சியும் நடத்திவந்தார். 1995இல் கல்வியமைச்சில் சிறப்புக் கல்விக்கெனத் தனி இலாகா அமைந்தது. 1996ஆம் ஆண்டின் கல்விச் சட்டம் சிறப்புக் கல்விக்கு ஓர் அத்தியாயத்தை ஒதுக்கியது. அதன்கீழ் 1997இல் வந்த விதிமுறைகள் பார்வை, செவி, கற்றல் எனக் குறைபாடுகளை வகுத்தன. டிஸ்லெக்சியா, கற்றல் குறைபாடு என்னும் பிரிவினுள் அடங்கியது.

2004இல் கோலாலம்பூர் தாமான் துன் டாக்டர் இஸ்மாயில் 2 தேசியப் பள்ளியில் டிஸ்லெக்சியா மாணவர்களுக்கான முன்னோடித் திட்டத்தை அமைச்சு தொடங்கியது. பின்னர் அது வேறு சில பள்ளிகளுக்கும் விரிந்தது. ஆசிரியரே நிரப்பக்கூடிய டிஸ்லெக்சியா சரிபார்ப்புப் பட்டியல் ஒன்றையும் அமைச்சு உருவாக்கியது. 2008இல் மாற்றுத் திறனாளிகள் சட்டம் வந்தது. 2010இல் தொடங்கிய லினுஸ் திட்டம், முதல் மூன்று ஆண்டுகளில் எழுத்தறிவும் எண்ணறிவும் பெறாத பிள்ளைகளைச் சோதித்துக் கண்டறிய முனைந்தது. 1997இன் விதிமுறைகளுக்கு மாற்றாக 2013இல் புதிய விதிமுறைகள் வந்தன. 2019இல், சிறப்புத் தேவை உள்ள எந்தப் பிள்ளையையும் பள்ளி திருப்பி அனுப்பக் கூடாது என்னும் கொள்கை நடைமுறைக்கு வந்தது.

சட்டங்கள் ஒழுங்காகவே வளர்ந்திருக்கின்றன. கதவு திறந்துவிட்டது. உள்ளே வந்த பிள்ளைக்கு எப்படிக் கற்பிப்பது என்பதே எஞ்சியுள்ள கேள்வி. சிறப்புக் கல்வி ஒருங்கிணைப்பு வகுப்பு எல்லாத் தமிழ்ப்பள்ளிகளிலும் இல்லை. டிஸ்லெக்சியா உள்ள பிள்ளைகள் பலர் எவ்விதச் சான்றிதழும் இன்றி நம் வழக்கமான வகுப்பிலேயே அமர்ந்திருக்கிறார்கள்.

தமிழ் எழுத்து தடையா, துணையா?

இங்கே ஒரு சிக்கலைச் சொல்லியாக வேண்டும். பிள்ளைக்கு வாசிப்பு வரவில்லை என்றதும், உறவினரும் சில வேளைகளில் கல்வித் துறையினரும் பெற்றோரிடம் சொல்வது: "247 எழுத்து, மூன்று மொழி. இவனுக்குத் தாங்காது. தமிழ்ப்பள்ளியிலிருந்து மாற்றிவிடுங்கள்." பெற்றோர் அஞ்சி மாற்றிவிடுகிறார்கள். பிள்ளை வீட்டுமொழியின் எழுத்தை இழக்கிறான். டிஸ்லெக்சியாவோ புதிய பள்ளிக்கும் அவனுடனேயே செல்கிறது.

247 என்பது 247 தனி வடிவங்களைக் குறிப்பதன்று. உயிர் 12, மெய் 18, ஆய்தம் 1. எஞ்சிய 216 உயிர்மெய்களும் பெரும்பாலும் மெய்யும் குறியும் சேர்ந்து உருவாகின்றவை. படிப்படியாக அடுக்கிக் கற்பிக்கும் முறைக்கு இத்தகைய எழுத்து மிகவும் ஏற்றது. 2001இல் சயன்ஸ் இதழில் வெளியான ஓர் ஆய்வு, இத்தாலிய, பிரெஞ்சு, ஆங்கில வாசகர்களை ஒப்பிட்டது. டிஸ்லெக்சியா உள்ளோரின் மூளைச் செயல்பாடு மூன்று மொழியினரிடத்தும் ஒத்திருந்தது. ஆனால், எழுத்தும் ஒலியும் ஒழுங்காகப் பொருந்தும் இத்தாலிய மொழியினர் மற்ற இருவரைவிட நன்கு வாசித்தார்கள். குறைபாடு ஒன்றாயினும் அதன் சுமையை எழுத்துமுறை கூட்டவோ குறைக்கவோ செய்யும் என்பது இதன் பொருள்.

தமிழுக்கென உள்ள இடர்களையும் ஆசிரியர் அறிந்திருக்க வேண்டும். அவற்றுள் சில:

1. ெ, ே, ை ஆகிய குறிகள் மெய்க்கு முன்னே எழுதப்பட்டுப் பின்னே ஒலிக்கின்றன. கண் செல்லும் வரிசையும் ஒலி செல்லும் வரிசையும் மாறுபடுகின்றன.
2. உகர, ஊகார வரிசையில் கு, சு, டு, து, பு என வடிவங்கள் ஒழுங்கின்றி மாறுகின்றன.
3. துணைக்காலும் ரகரமும், ளகரமும் ஔகாரக் குறியின் பிற்பகுதியும் ஒன்றுபோல் தோன்றுகின்றன.
4. ககரம் 'கடல்', 'தங்கம்', 'பகல்' ஆகிய மூன்றிலும் வெவ்வேறாக ஒலிக்கிறது.
5. ல, ள, ழ, ர, ற, ந, ன, ண ஆகிய வேறுபாடுகள் பலருடைய பேச்சில் இல்லை. பிள்ளை காதால் கேட்காததை எழுத்தில் தேடுகிறான்.

எழுத்தை எளிமையாக்கினால் கற்பவர் சுமை குறையும் என்பதைத் தமிழர் முன்பே உணர்ந்திருந்தார்கள். பெரியார் 1935 முதல் தம் குடிஅரசு இதழில் பயன்படுத்திய சீர்திருத்த வடிவங்களை, 1978இல் எம்.ஜி.ஆர். அரசு தமிழ்நாட்டில் ஏற்றது. ண, ற, ன ஆகியவற்றின் ஆகார, ஒகர, ஓகார வடிவங்கள் ஒன்பதும், ண, ல, ள, ன ஆகியவற்றின் ஐகார வடிவங்கள் நான்குமாக 13 விதிவிலக்குகள் நீங்கின. இன்றைய பிள்ளை அந்தப் பதின்மூன்றையும் தனியே மனனம் செய்ய வேண்டியதில்லை.

கன்னடத்தில் சோனாலி நாக் 2007இல் வெளியிட்ட ஆய்வு மற்றொன்றைக் காட்டியது. இந்திய எழுத்துமுறைகளை முழுமையாகக் கற்றுக்கொள்ள எல்லாப் பிள்ளைகளுக்கும் பல ஆண்டுகள் ஆகின்றன. நான்காம் வகுப்பிலும் அக்கற்றல் தொடர்கிறது. ஆகவே, முதலாம் ஆண்டிலேயே எழுத்து முடிந்துவிட வேண்டும் என்று நாம் விரைவது பொருந்தாது. ஒழுங்கான எழுத்துமுறையில் டிஸ்லெக்சியா பெரும்பாலும் பிழையாக அன்றி மந்தமாகவே வெளிப்படும். சரியாக வாசிக்கிறான், ஆனால் மிக மெதுவாக வாசிக்கிறான் என்னும் பிள்ளையையும் நாம் கவனிக்க வேண்டும்.

ஒருவருக்குப் பயிற்சி போதுமா?

2007இல் வெளிவந்த 'தாரே ஜமீன் பர்' என்னும் இந்திப் படத்தின்வழி நம் பெற்றோர் பலர் டிஸ்லெக்சியா என்ற சொல்லை முதன்முதலில் கேட்டார்கள். அப்படத்தில் ஓவிய ஆசிரியர் ஒருவர் வந்து பிள்ளையை மீட்கிறார். நல்ல படம். ஆனால், அந்த ஆசிரியர் மாற்றலாகிப் போய்விட்டால் என்ன ஆகும்?

இக்கேள்விக்குச் சில நாடுகள் விடை தேடியிருக்கின்றன. இங்கிலாந்தில் 2009இல் சர் ஜிம் ரோஸ் அளித்த அறிக்கை, பயிற்சியை மூன்று நிலைகளாகப் பிரித்தது. எல்லா ஆசிரியருக்கும் அடிப்படை அறிவு; ஒவ்வொரு பள்ளியிலும் சிலருக்குக் கூடுதல் திறன்; பல பள்ளிகளுக்குப் பொதுவாகச் சிறப்பு வல்லுநர். அத்தகைய வல்லுநராக 4,000 ஆசிரியர்களைப் பயிற்றவும் பரிந்துரைத்தது. சிங்கப்பூர் 2005 முதல் ஒவ்வொரு தொடக்கப் பள்ளியிலும் பத்தில் ஓர் ஆசிரியரேனும் சிறப்புத் தேவைப் பயிற்சி பெறுவதை இலக்காகக் கொண்டது. சென்னையில் 1990களின் தொடக்கத்தில் பெற்றோரும் ஆர்வலரும் தொடங்கிய மெட்ராஸ் டிஸ்லெக்சியா சங்கம், பிள்ளைகளுக்குக் கற்பிப்பதோடு நில்லாமல் பள்ளி ஆசிரியர்களுக்குப் பயிற்சியளிப்பதையும் தன் முதன்மைப் பணியாகக் கொண்டது. இந்தியாவில் 2016ஆம் ஆண்டின் மாற்றுத் திறனாளிகள் உரிமைச் சட்டம் குறிப்பிட்ட கற்றல் குறைபாட்டையும் 21 குறைபாடுகளுள் ஒன்றாக ஏற்றது.

நம் பள்ளிகளில் பொதுவாக ஓர் ஆசிரியர் பட்டறைக்குச் சென்று வருகிறார். கோப்பு அலமாரியில் வைக்கப்படுகிறது. பிள்ளையோ ஒரே நாளில் ஐந்தாறு ஆசிரியர்களைச் சந்திக்கிறான். தமிழாசிரியர் அவனுக்கு நேரம் கொடுக்கிறார். அடுத்த பாடவேளையில் மலாய்மொழி ஆசிரியர் அவனை எழுந்து உரக்க வாசிக்கச் சொல்கிறார். கணித ஆசிரியர் வினாவை அவன் வாசிக்கவில்லை என்பதை அறியாமல் கணக்கே தெரியாதென்று மதிப்பெண் குறைக்கிறார். ஒருவர் கட்டியதை மற்றவர் அறியாமல் இடித்துவிடுகிறோம்.

என் தவற்றையும் இங்கே சொல்லிவிடுகிறேன். பணியின் தொடக்க ஆண்டுகளில், பிழையாக எழுதிய சொல்லை இருபது முறை எழுதிவருமாறு ஒரு மாணவனைப் பணித்தேன். இருபது முறையும் அதே பிழையோடு எழுதிவந்தான். என்னை ஏளனம் செய்கிறான் என்று எண்ணித் தண்டித்தேன். அவன் அன்று எழுதிவந்த இருபது வரிகளும் எனக்கு ஏதோ சொல்ல முயன்றன. அதைப் படிக்கும் பயிற்சி எனக்கு இல்லை.

ஆகவே, பள்ளிப் பணியாளர் அனைவருக்குமான பயிற்சி மிகப் பெரிய செலவுடன்தான் தொடங்க வேண்டும் என்பதில்லை. ஆண்டின் தொடக்கத்தில் ஒரு நாள், தலைமையாசிரியர் முதல் மாணவர் நல உதவியாளர் வரை எல்லாரும் அமர்ந்து ஒரே புரிதலுக்கு வரலாம். அன்று முடிவு செய்யத்தக்கவை:

1. முன்னறிவிப்பின்றி எந்தப் பிள்ளையையும் வகுப்பின்முன் உரக்க வாசிக்கச் செய்வதில்லை.
2. பாடம் தெரியுமா என்பதை ஒருமுறையேனும் வாய்மொழியாகச் சோதித்த பின்னரே முடிவெடுப்பது.
3. கரும்பலகையிலிருந்து படியெடுக்கும் அளவைக் குறைப்பது, நேரத்தைக் கூட்டுவது.
4. எழுத்துகளைக் குறைநீக்கல் ஆசிரியரும் வகுப்பாசிரியரும் ஒரே வரிசையில், ஒரே சொற்களைக் கொண்டு கற்பிப்பது.
5. ஐயம் எழுந்தால் சரிபார்ப்புப் பட்டியலை நிரப்பி, பெற்றோரிடம் கனிவுடன் பேசி, அரசு மருத்துவமனைக்கு வழிகாட்டுவது. குறைபாட்டை உறுதிசெய்வது மருத்துவரின் வேலை. நாமே முத்திரை குத்தக் கூடாது.

பெற்றோர்களே, இது உங்கள் வளர்ப்பின் குறையன்று, பிள்ளையின் சோம்பலுமன்று. உங்கள் குடும்பத்தில் வாசிக்கத் தடுமாறிய ஒருவர் இருந்திருந்தால், அதனை மறைக்காமல் வகுப்பாசிரியரிடம் கூறுங்கள். அந்த ஒரு தகவல் பிள்ளைக்கு ஓராண்டை மிச்சப்படுத்தக்கூடும்.

அந்த மூதாட்டியின் பேரன் பிறகு முறையாகச் சோதிக்கப்பட்டான். அவன் இன்றும் மெதுவாகத்தான் வாசிக்கிறான், ஆனால் வாசிக்கிறான். அவனுடைய தந்தை ஒருநாள் பள்ளி வாசலில் என்னை நிறுத்தி, "அப்படின்னா நான் மரமண்டை இல்லைங்களா சார்?" என்று கேட்டார். நாற்பது வயதை நெருங்கும் மனிதர். இல்லை என்று சொன்னேன். அந்த விடை முப்பது ஆண்டுகளுக்கு முன்பே ஒரு வகுப்பறையில் அவருக்குக் கிடைத்திருக்க வேண்டும்.

தமிழ்ப்பள்ளி நம் தேர்வாகட்டும். அங்கு வரும் எந்தப் பிள்ளையும் ஒதுக்கப்படாதிருக்கட்டும்.